தீனித்தட்டைக் கழட்டுங்க சாமி

முதல்லயே சொல்லிடறேன், இந்தக் குற்றத்தை நானும் ரெண்டு வருஷம் செஞ்சிருக்கேன். அதனால "நீ மட்டும் யோக்கியமா?"ன்னு கேக்கறவங்களுக்கு இப்பவே பதில்: இல்லை.

நியூ ஜெர்சியில தங்கச்சி மாப்பிள்ளை இருக்கார். 2021 அக்டோபர்ல ஒரு நாள் காலையில அவர் வீட்டுக் கொல்லைப்புறத்து வீடியோ ஒண்ணு வாட்ஸப்ல வந்துச்சு. மேப்பிள் மரம் பூரா மஞ்சளும் சிவப்புமா இருக்கு. ஒரு கம்பியில கூண்டு மாதிரி ஒண்ணு தொங்குது, அதுக்குள்ள விதை. அதுல ரெண்டு குருவி தொத்திக்கிட்டு இருக்கு. கீழ புல்லுல சிதறினதை வேற ஒரு கூட்டம் பொறுக்குது. கரும்சாம்பல் நிறம், வயிறு மட்டும் வெள்ளை. "இதுக்கு ஜங்கோன்னு பேரு மச்சான். குளிர் ஆரம்பிச்சதும் கனடாப் பக்கத்துல இருந்து இறங்கி வந்துரும். வருஷா வருஷம் நம்ம வீட்டுக்கு விருந்தாளி"ன்னு பின்னால அவர் குரல். என் மக அப்ப அஞ்சாவது படிக்கறா. அந்த வீடியோவை இருபது தடவை பாத்துட்டு, "அப்பா, நமக்கும் ஒண்ணு"ன்னா. அறுநூத்தி நாப்பத்தொன்பது ரூபா. மூணு நாள்ல வீட்டு வாசலுக்கு வந்துருச்சு.

நாங்க இருக்கறது நவி மும்பையில, நெருல். சிட்கோ கட்டின பழைய கட்டடம், தரைத்தளம். பின்னால பத்துக்குப் பன்னிரண்டு அடியில ஒரு கொல்லை. டிரான்ஸ்ஃபர்ல வந்தப்ப "இருட்டா இருக்கு, கொசு வரும்"னு எல்லாரும் வேண்டாம்னு விட்ட வீட்டை இந்தக் கொல்லைக்காகவேதான் எடுத்தேன். ஒரு கறிவேப்பிலை, ஒரு முருங்கை, வேலியோரமா சொசைட்டி வச்ச காமினிச் செடி வரிசை. மழைக்காலத்துல வெள்ளையாப் பூத்துத் தெருவே மணக்கும். முருங்கைக் கிளையில ஃபீடரை மாட்டினோம். கம்பு, தினை, சூரியகாந்தி விதை. மக ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டு, முதல் பக்கத்துல "எங்கள் வீட்டு விருந்தினர்கள்"னு எழுதினா.

மொத நாள் ஒண்ணும் வரலை. ரெண்டாம் நாள் ரெண்டு சிட்டுக்குருவி. மூணாம் நாள் ஒரு கிளி வந்து சூரியகாந்தி விதையை மட்டும் பொறுக்கிட்டுப் போச்சு. வீட்டுல ஒரே கொண்டாட்டம். நாலாம் நாள் ஒரு புறா வந்துச்சு. அஞ்சாம் நாள் ஆறு. ரெண்டு வாரத்துல முப்பது நாப்பது. அந்த நோட்டை இன்னமும் வச்சிருக்கேன். நாலாம் பக்கத்துக்கு மேல புரட்டினா புறா, புறா, புறா, புறா. பதினோராம் பக்கத்துல புள்ளைக்கே அலுத்துப் போய் "மேற்படி"ன்னு போட்டு வச்சிருக்கா. பேங்க் லெட்ஜர் பாத்துப் பழகின அப்பன் வளத்த புள்ளை!

என் சண்டை இங்கதான் ஆரம்பிக்குது. அந்த அறுநூத்தி நாப்பத்தொன்பது ரூபாயில நாம வாங்கறது ஒரு அமெரிக்கக் காட்சி. அந்த ஊர் இலையுதிர்காலத்துல வீட்டுப்பக்கம் வர்ற பறவைகள்ல பாதிக்கு மேல விதை தின்னி. ஜங்கோவுக்குத் தினைன்னா உசுரு. வெளிய பனி மூடிக் கிடக்கும், புல் விதை கிடைக்காது. கூண்டுல போட்டா பசிச்ச வயித்துக்குப் போகுது. சரி. நம்ம ஊர் ஐப்பசிக்கு யார் வர்றாங்கன்னு யாராவது பாத்தோமா?

நான் பாக்கலை. ரெண்டு வருஷம் அந்தக் கூண்டையே பாத்துக்கிட்டு இருந்தவனுக்கு, ஆறடி தள்ளி காமினிச் செடிக்குள்ள யார் இருக்கான்னு தெரியாது. "சக்... சக்..."ன்னு யாரோ நாக்கைத் தட்டற மாதிரி ஒரு சத்தம் மட்டும் செப்டம்பர்ல இருந்து கேக்கும். பல்லின்னே நெனச்சிருந்தேன். எங்க கிளையில வேலை பாக்கற ஒரு மராத்திப் பையன் பறவை பாக்கறவன். ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தப்ப அவன்தான் சொன்னான், அது பிளைத் நாணல் கதிர்க்குருவின்னு. பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்லை. மண் கலர்ல ஒரு சின்னக் குருவி. எடை பத்துப் பன்னிரண்டு கிராம், அதாவது ரெண்டு அஞ்சு ரூபாய்க் காசு கனம்கூட வராது. அது ஃபின்லாந்து, ரஷ்யா, மத்திய ஆசியாப் பக்கமெல்லாம் குஞ்சு பொரிச்சுட்டு, குளிருக்கு இந்தியா வர்ற ஜாதி. அத்தனை தூரம் பறந்து வந்து என் வீட்டு வேலியில உக்காந்திருக்கு. நான் புறாவுக்குக் கம்பு போட்டுக்கிட்டு இருக்கேன்.

அது கம்பைத் திரும்பிக்கூடப் பாக்காது. அதுக்கு வேணுங்கறது பூச்சி, சிலந்தி, புழு. அது மட்டுமா? ஏசித் தண்ணி சொட்டற ஓரத்துல வாலை ஆட்டிக்கிட்டு ஓடற சாம்பல் வாலாட்டி பூச்சி தின்னி. மாமர உச்சியில கீச்சுன்னு கத்தற பச்சைக் கதிர்க்குருவி பூச்சி தின்னி. நவம்பர்ல வர்ற செம்மார்பு ஈப்பிடிப்பானுக்குப் பேர்லயே ஈ இருக்கு. தகைவிலானும் அப்படித்தான். மாங்குயிலுக்குப் பழமும் பூச்சியும். கூட்டம் கூட்டமா வர்ற சூறைக்குருவிக்கும் பூச்சி, பழம், இலவம்பூத் தேன் இதெல்லாம் வேணும். தானியமும் தின்னும், ஆனா சோளக்காட்டுக்குப் போய்த் தின்னும். தானியம் தின்னற பண்டிங் மாதிரி குருவிகளும் வருதுங்கதான், ஆனா அதுங்களுக்கும் வயக்காடுதான் வேணும், நம்ம பால்கனி வேணாம். ஆக, ஐப்பசியில நம்ம வீட்டுப் பக்கம் வர்ற விருந்தாளியில முக்கால்வாசிப் பேருக்கு நாம வைக்கற இலையில ஒரு பதார்த்தமும் இல்லை. சாப்பிடறது பூரா உள்ளூர்க்காரர் ஒருத்தர்தான். அவருக்கு நாம போடலைன்னாலும் ஒண்ணும் குறைஞ்சிடாது.

புறாவைத் திட்டறேன்னு நெனைக்காதீங்க. புறா மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. அது மலைப்பாறை இடுக்குல கூடு கட்டின பறவை. நாம இருபது மாடி கட்டி, ஒவ்வொரு மாடியிலயும் ஏசி வைக்க ஒரு திட்டு விட்டோம். அதுக்கு அது பாறை. கீழ தீனி. ஒரு தடவைக்கு ரெண்டு முட்டை, பதினெட்டு நாள்ல குஞ்சு. தீனி இருக்கற ஊர்ல வருஷம் பூரா பேறுகாலம்தான். 2023ல வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையைப் பாருங்க. எத்தனையோ பறவை இனம் குறைஞ்சுக்கிட்டே போற நாட்டுல மாடப்புறா 2000த்துக்கு அப்புறம் ரெண்டு மடங்குக்கு மேல ஆகியிருக்கு. நல்லா இருக்கறவனுக்கே மேல மேல லோன் குடுத்துட்டு, நிஜமா வேணுங்கறவனை வாசல்லயே நிறுத்தற வேலை எங்க தொழில்ல நடக்கறதுதான். அதைத் தர்மம்னு நாங்க சொல்லிக்கறது இல்லை.

இந்த ஊர்ல இன்னொரு கூத்தும் உண்டு. சாயங்காலம் கிண்ணத்துல சோளம் எடுத்துட்டுப் போய் ரோட்டோரத்துல புறாவுக்குப் போடற அதே மனுஷர், வீட்டு பால்கனியில நாலாயிரம் ரூபா குடுத்து வலை அடிச்சிருப்பார், புறா வரக்கூடாதுன்னு. புண்ணியம் என் கணக்குல, எச்சம் பக்கத்து வீட்டுக் கணக்குல. இதை ஆடிட்ல எந்தத் தலைப்புல காட்டறதுன்னு எனக்குத் தெரியலை :-)

எங்க வீட்டுல அந்தப் பக்கத்து வீட்டுக் கணக்கு மேல் மாடியில விழுந்துச்சு. சுருக்கமாவே சொல்றேன், ஏன்னா இதை எழுதவே சங்கடமா இருக்கு.

எங்களுக்கு நேர் மேல முதல் மாடியில ஒரு ஆஜி இருக்காங்க. எழுபத்தி ஒண்ணு வயசு, ரிட்டயர்டு டீச்சர், தனியாத்தான் இருக்காங்க. நாங்க வந்த புதுசுல என் வீட்டுக்காரிக்கு மராத்தி சொல்லிக் குடுத்ததே அவங்கதான். என் ஃபீடருக்கு வந்த புறாவெல்லாம் தின்னுட்டு எங்க போய் உக்காரும்? முருங்கைக் கிளை தாங்காது. அவங்க சமையல்கட்டு ஜன்னல் மேல இருக்கற சன்ஷேடுல போய் உக்காரும். அங்கயே கூடு கட்டுச்சு. ஆஜி ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. 2023 ஆரம்பத்துல அவங்களுக்கு ஒரு இருமல் வந்துச்சு. சளி இல்லை, காய்ச்சல் இல்லை, வெறும் இருமல், அப்புறம் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கறது. ஆஸ்துமான்னு மருந்து குடுத்தாங்க, கேக்கலை. நாலு மாசம் அலைஞ்சு, ஸ்கேன் எடுத்தப்புறம் ஒரு நுரையீரல் டாக்டர் முதல் கேள்வியாக் கேட்டாராம்: "வீட்டைச் சுத்தி புறா இருக்கா?"

அதுக்கு ஹைப்பர்சென்சிடிவிட்டி நியூமோனைட்டிஸ்னு பேரு. புறா எச்சம் காஞ்சு தூசியாகி, இறக்கைப் பொடியோட சேந்து காத்துல மிதக்கும். அதை மாசக்கணக்கா மூச்சுல இழுக்கும்போது சில பேரோட உடம்பு அதை எதிரியா நெனச்சு நுரையீரலையே போட்டுப் புண்ணாக்கும். எல்லாருக்கும் வர்றதில்லை. ஆனா வந்து நாள்பட்டுப் போனா நுரையீரல் தழும்பு விழுந்து இறுகிப் போகும், தழும்பு விழுந்த இடம் பழையபடி ஆகாது. ஸ்டீராய்டு குடுப்பாங்க. அதை விட முக்கியமான வைத்தியம் அந்தத் தூசியில இருந்து விலகி இருக்கறது. அதாவது மருந்து ஆஜி கையில இல்லை, என் கையில இருந்துச்சு.

என் புறாவாலதான்னு எந்த டாக்டரும் சொல்லலை. எங்க தெருமுனையில ஒரு கடைக்காரரும் தினம் தானியம் போடுவார். யார் வீட்டுத் தூசின்னு யார் நிரூபிக்கறது? ஆனா அந்த சன்ஷேடுல இருந்த கூடு யாரால வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். அன்னிக்குச் சாயங்காலமே ஃபீடரைக் கழட்டினேன். மேல போய் மன்னிப்புக் கேட்டேன். ஆஜி, "உன் பொண்ணு அதைப் பாத்து சந்தோஷப்பட்டாளே, அதான் சொல்லலை"ன்னாங்க. இப்ப அவங்க வீட்டுல ஆக்ஸிஜன் மெஷின் ஒண்ணு இருக்கு. ராத்திரி சத்தமில்லாத நேரத்துல கூரை வழியா அது ஓடற சத்தம் எங்களுக்குக் கேக்கும்.

அதனால 2025ல மும்பையில கபூதர்கானா விவகாரம் வெடிச்சப்ப நான் எந்தப் பக்கம்னு தனியாச் சொல்ல வேண்டியதில்லை. ஜூலையில மாநில அரசு மூடச் சொல்லுச்சு, நகரத்துல மொத்தம் 51 இருக்குன்னு கணக்கு சொன்னாங்க. வழக்கு உயர் நீதிமன்றம் போச்சு. தடையை மீறித் தீனி போடறவங்க மேல வழக்குப் பதிவு பண்ணுங்கன்னு நீதிமன்றம் சொல்லுச்சு. தாதர்ல தார்ப்பாய் போட்டு மூடினாங்க. ஆகஸ்ட் 6ஆம் தேதி ஒரு கூட்டம் வந்து அதைக் கிழிச்சுத் தள்ளுச்சு. உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துருச்சு. எங்க ஆபீஸ் லஞ்ச் டேபிள்ல ரெண்டு வாரம் இதே பேச்சுதான். நம்ம ஆளுங்க பலபேர் என்ன சொன்னாங்க தெரியுமா? "அது அவங்க மத சமாச்சாரம் சார், நமக்கு எதுக்கு?" அப்படிச் சொன்னவர் வீட்டு மொட்டைமாடியில மண்சட்டியில கம்பு இருக்கறது எனக்குத் தெரியும். இது ஒரு சமூகத்து மேல பழி போடற விஷயமே இல்லைங்க. ஜீவகாருண்யம்னு பரம்பரையாச் செய்யறவங்க ஒரு நம்பிக்கையில செய்யறாங்க, அவங்ககிட்ட உக்காந்து பேசலாம். நாம ஒரு வீடியோவைப் பாத்துச் செய்யறோம். நமக்கு என்ன சாக்கு?

"போடறதை நிறுத்தினா புறா பட்டினி கிடந்து சாகாதா?"ன்னு கேப்பாங்க. சுவிட்சர்லாந்துல பாசெல்னு ஒரு ஊர். அங்க 1961ல இருந்து 1985 வரைக்கும் ஏறக்குறைய ஒரு லட்சம் புறாவைப் பிடிச்சும் சுட்டும் கொன்னு பாத்தாங்க. எண்ணிக்கை குறையவே இல்லை, ஏன்னா தீனி குறையலை. 1988ல வழியை மாத்தினாங்க. கொல்லறதை விட்டுட்டு, தீனி போடாதீங்கன்னு ஊர் பூரா பிரசாரம். மேற்பார்வையில சில புறாக்கூண்டு வச்சு, அங்க முட்டையை மட்டும் எடுத்தாங்க. நாலு வருஷத்துல இருபதாயிரம் பத்தாயிரத்துக்குப் பக்கம் வந்துருச்சு. தீனி குறைஞ்சா புறா தூரமாப் போய்த் தேடும், முட்டை கம்மியா வைக்கும். அவ்வளவுதான். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்துல 2003லயும், வெனிஸ் புனித மார்க் சதுக்கத்துல 2008லயும் தீனி போடறதைத் தடை பண்ணினாங்க. உலகம் ஒண்ணும் இடிஞ்சு விழலை.

சரி, வெளிநாட்டுல ஃபீடர் வச்சவன் எல்லாம் புண்ணியவானான்னா, அதுவும் இல்லை. இங்கிலாந்துல பச்சைக்குருவி மாதிரி ஒண்ணு உண்டு, கிரீன்ஃபிஞ்சுன்னு. தோட்டத்துத் தீனிக்கூண்டுக்குத் தவறாம வர்ற பறவை. 2005, 2006 வாக்குல அதுக்குத் தொண்டையில ஒரு ஒட்டுண்ணி நோய் வந்துச்சு. புறா இனத்துல ரொம்ப காலமா இருக்கற கிருமி அது. ஒண்ணு தின்ன தட்டுல இன்னொண்ணு தின்னப்ப எச்சில் வழியாப் பரவுச்சு. லட்சக்கணக்குல செத்து, 2021ல அந்தப் பறவையை அந்நாட்டுச் சிவப்புப் பட்டியல்ல சேத்துட்டாங்க. கூண்டைக் கழுவாம விட்டதுக்கு இவ்வளவு பெரிய விலை.

இப்ப நீங்க கீச்சான்னு ஒரு பேரைச் சொல்லுவீங்கன்னு தெரியும். ராஜஸ்தான்ல பலோடி பக்கத்துல இருக்கற கிராமம், செப்டம்பர் மாசத்துல இருந்து மார்ச் வரைக்கும் ஆயிரக்கணக்குல குர்ஜா நாரைகள் வந்து இறங்கற இடம். ஊர்க்காரங்க மூட்டை மூட்டையாத் தானியம் போடறாங்க. 2025 ஜூன்ல ராம்சர் பட்டியல்லயும் சேந்துருச்சு. நான் அதை ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். வர்ற பறவையே தானியம் தின்னற பறவை. ஊரே சேந்து, அதுக்குன்னு ஒரு இடம் கட்டி, காவல் வச்சுச் செய்யறாங்க. அதுக்கும் எலிஃபண்டா போற படகுல நின்னுக்கிட்டு கடல்காக்கைக்கு சிப்ஸ் வீசி செல்ஃபி எடுக்கறதுக்கும் சம்பந்தம் இல்லை. திபெத், லடாக் ஏரியில குஞ்சு பொரிச்ச பறவைக்கு உப்பும் எண்ணெயும் போட்டுப் பொரிச்ச உருளைக்கிழங்கு. நம்ம புள்ளைக்கு டாக்டர் வேணாம்னு சொன்ன அதே பாக்கெட்!

அப்ப நம்ம வீட்டுல காக்காவுக்குச் சோறு வைக்கறது? என் மனசாட்சியே கேட்ட கேள்விதான் இது. எங்க அம்மா இங்க வந்து தங்கினா இன்னமும் வைப்பாங்க. நாம சாப்பிடற சோத்துல ஒரு பிடி, ஒரு வேளை, எப்பவும் வர்ற ரெண்டு மூணு காக்கா தின்னு முடிச்சுடும். மிச்சம் கிடக்காது. அதுக்கும் நாப்பது புறாவுக்கும் கணக்கு வேற. ஒரு புறா ஒரு நாளைக்கு ஏறக்குறைய 30 கிராம் தின்னும். நாப்பதுக்கு ஒரு கிலோ இருநூறு. மாசம் முப்பத்தாறு கிலோ. அதுல பாதியாவது எச்சமாகி எங்கயோ விழுந்துதானே ஆகணும்?

ஆனா நம்ம ஊர்ல பறவையை நேசிக்கறதுன்னா என்னன்னு கேட்டா நான் காக்காச் சோத்தைச் சொல்ல மாட்டேன், கொள்ளுக்குடிப்பட்டியைச் சொல்லுவேன். எங்க சிவகங்கை மாவட்டம்தான், திருப்பத்தூர் பக்கம். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம்னு 1977ல அறிவிச்ச கண்மாய்கள் இருக்கற ஊர். மழை விழுந்து கண்மாய் நெறஞ்சா நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், அரிவாள் மூக்கன், கொக்கு எல்லாம் வந்து மரத்துல கூடு கட்டும். எங்க அம்மாச்சி ஊர் அங்க இருந்து கூப்பிடு தூரம். சின்ன வயசுல தீபாவளிக்கு அந்த ஊர்ல ஒரு சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனேன், ட்ரவுசர் பையில ரெண்டு கட்டு ஓலைவெடி. வாசல்ல ஏறறதுக்கு முன்னாடியே ஒரு பெரியவர் பிடுங்கி வச்சுக்கிட்டார். "ஊருக்குப் போம்போது தர்றேன்டா, இங்க குஞ்சு இருக்கு"ன்னார். எனக்கு அழுகை. அந்த ஊர்ப் புள்ளைங்க யாரும் அழலை, பழகிப் போச்சு. அந்த ஊர்ல பல பத்து வருஷமா தீபாவளிக்கு வெடி கிடையாது. ஒரு மணி தானியம் போட்டதில்லை அந்த ஊர். போடவும் முடியாது, வர்றது மீனும் நத்தையும் தின்னற பறவை. அவங்க விட்டுக்குடுத்தது ஒரு நாள் சந்தோஷம், அதுவும் வருஷா வருஷம், அதுவும் குழந்தைகளோட சந்தோஷம்.

நம்ம சொசைட்டிக்கு வருவோம். புறாவுக்குத் தானியம் போடற இதே கட்டடங்கள்ல அக்டோபர் மாசம் என்ன நடக்குது? மழை நின்னதும் தோட்டக்காரர் வருவார். தீபாவளிக்கு வளாகம் "நீட்டா" இருக்கணும்னு செக்ரட்டரி சொல்லியிருப்பார். வேலிச் செடியெல்லாம் முழங்கால் உயரத்துக்கு ஒட்ட வெட்டி, பெட்டி மாதிரி ஆக்கிருவாங்க. கீழ உதுந்த இலையைக் கூட்டி அள்ளிருவாங்க. அதுக்கு மேல மருந்து அடிப்பாங்க. அதே வாரத்துலதான் ஃபின்லாந்துல இருந்தோ ரஷ்யாவுல இருந்தோ வந்த அந்தப் பத்து கிராம் குருவி வந்து இறங்குது. இந்தக் கதிர்க்குருவி வகையறாவுல, கால்ல வளையம் மாட்டிப் பாத்ததுல, போன வருஷம் இருந்த அதே இடத்துக்கே இந்த வருஷமும் திரும்பி வர்ற பறவைங்க உண்டுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. லீவு முடிஞ்சு குவார்ட்டர்ஸுக்குத் திரும்பினா வீட்டையே காணோம்னா நமக்கு எப்படி இருக்கும்? அது மாதிரிதான்.

அதனால நான் இப்ப கேக்கறதெல்லாம் ரொம்ப சின்ன விஷயம். ஃபீடரைக் கழட்டுங்க. புள்ளைங்க அழுதா ரெண்டு நாள் அழட்டும். ஒரு மண்தட்டுல தண்ணி வைங்க, தினமும் தேய்ச்சுக் கழுவி மாத்துங்க, கொசு வராது. கறிவேப்பிலைப் பழத்தைப் பறிக்காம விடுங்க, குயிலும் கொண்டைக்குருவியும் பாத்துக்கும். ஒரு மூலையில காஞ்ச இலையைக் கூட்டாம விடுங்க. அப்புறம், செலவே இல்லாத, ஆனா இருக்கறதுலயே கஷ்டமான வேலை ஒண்ணு: சொசைட்டி மீட்டிங்குல எந்திரிச்சு, "வேலியை ஏப்ரலுக்கு அப்புறம் வெட்டுங்க, அதுவரைக்கும் மருந்து அடிக்காதீங்க"ன்னு சொல்லுங்க. பார்க்கிங் சண்டைக்கு வாய் திறக்கற நாம இதுக்குத் திறக்க மாட்டோம். வாடகைக்கு இருக்கறவன், வெளியூர்க்காரன், எதுக்கு வம்புன்னு இருப்போம். நானும் ஏழு வருஷம் அப்படித்தான் இருந்தேன்.

போன வருஷம் எந்திரிச்சேன். என் ஹிந்தியைக் கேட்டு நாலு பேர் சிரிச்சாங்க. "சாப், பாம்பு வரும்"னார் ஒருத்தர். "மச்சர்"னார் இன்னொருத்தர். பின் வரிசையில இருந்து ஆஜி, மூக்குல குழாயோட, மராத்தியில ஒரு அஞ்சு நிமிஷம் பேசினாங்க. நடுவுல ரெண்டு தடவை மூச்சு வாங்க நிறுத்தினாங்க. அப்ப யாரும் பேசலை. பின்பக்கத்து வேலி மட்டும் வெட்டறதில்லைன்னு முடிவாச்சு. முன்பக்கம் கேட் பக்கத்துல இருக்கறது வழக்கம்போல பெட்டிதான். புறாவுக்குத் தீனி போட்டா ஐநூறு ரூபா அபராதம்னு ஒரு நோட்டீசும் ஒட்டினாங்க. இதுவரைக்கும் யார்கிட்டயும் வாங்கலை. தெருமுனைக் கடைக்காரர் இன்னமும் போடறார், அவர் சொசைட்டி மெம்பர் இல்லை.

மக இப்ப பெரியவளாயிட்டா. அந்தப் பழைய நோட்டுலயே மிச்சப் பக்கத்துல எழுதறா. இந்த வருஷம் செப்டம்பர் கடைசியில ஒரு வரி: "காமினிச் செடியில் சக் சக். பார்க்க முடியவில்லை, கேட்டது." மூணு வாரத்துல ஒரே ஒரு தடவை முழுசாப் பாத்திருக்கா, ரெண்டு செகண்டு. ஃபீடர் மாதிரி வரிசையா உக்காந்து போஸ் குடுக்காதுங்க இதெல்லாம்.

நேத்து நியூ ஜெர்சியில இருந்து இந்த வருஷத்து வீடியோ வந்துச்சு. அதே மேப்பிள், அதே கம்பி, ஜங்கோ வந்துருச்சு. "மாப்ளே, அந்தக் கூண்டைக் கடைசியா எப்பக் கழுவினீங்க?"ன்னு கேட்டேன். ரெண்டு நீல டிக் விழுந்துருக்கு. பதில் இன்னும் வரலை.